மழைமானிக்காரர் பதில்கள்: ஐப்பசியில் மூட்டை கட்டுபவர்களுக்கு

முப்பத்தொரு ஆண்டுகள், காலை எட்டரை மணிக்கு மழைமானியின் புனலைத் தூக்கி, உள்ளே சேர்ந்த தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்தவன் நான். மகள் பிறந்த அன்றுகூட அந்த எட்டரை தவறவில்லை. அதற்காக வீட்டில் இன்றுவரை பேச்சு வாங்குகிறேன். ஓய்வு பெற்ற பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் சுற்றுவதுதான் வேலை. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு ஊர் பெயர் போட்டுக் கேட்கின்றன: கிளம்பலாமா, வேண்டாமா?

வடகிழக்குப் பருவமழை ‘இயல்பை ஒட்டி’ இருக்கும் என்று படித்தேன். அப்படியானால் நவம்பர் கடைசி வாரத்தில் கொடைக்கானலில் அறை எடுத்துவிடலாமா?
– வாசகர், விருதுநகர்

உங்கள் மாதச் சம்பளம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும் என்று வையுங்கள். 27ஆம் தேதி உங்கள் சட்டைப்பையில் எவ்வளவு இருக்கும் என்று என்னால் சொல்ல முடியுமா? பருவத்துக்கான முன்னறிவிப்பும் அப்படித்தான். அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களில் தமிழ்நாட்டுக்குச் சராசரியாகக் கிடைப்பது ஏறக்குறைய 44 சென்டிமீட்டர். அதில் 19 சதவீதம் கூடினாலும் குறைந்தாலும் கணக்கில் அது ‘இயல்பு’தான். அதாவது 36 பெய்தாலும் இயல்பு, 52 பெய்தாலும் இயல்பு. இது அணைக்குப் பொறுப்பானவருக்கும் நெல் விதைப்பவருக்கும் தேவையான கணக்கு. அறை எடுப்பவருக்கு இதனால் ஒரு பயனும் இல்லை.

இந்த மழை தினமும் சம்பளம் போடுகிற மழை அல்ல. வங்கக்கடலில் ஒரு தாழ்வுப் பகுதி உருவாகும். நான்கைந்து நாள் கொட்டும். பிறகு வானம் கழுவித் துடைத்ததுபோல் ஒரு வாரம் வெயில் அடிக்கும். அந்த இடைவெளி நாள்களில் மலை எப்படி இருக்கும் என்பதைப் பார்த்தவர்கள் மே மாதக் கூட்டத்தில் போய் நிற்க மாட்டார்கள். எனவே அறையைப் பதிவு செய்யுங்கள். ஆனால் மூன்று நாள் முன்பு வரை ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். “பார்த்துக்கலாம் சார்” என்று வாயால் சொன்ன ஒரு விடுதிக்காரரை நம்பி ஒருமுறை இரண்டு நாள் வாடகையை நான் இழந்திருக்கிறேன். வானிலை ஆய்வு மையத்தின் ஐந்து நாள் அறிக்கையைப் பார்த்துவிட்டுக் கடைசி முடிவை எடுங்கள். கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் சொந்த வண்டியில் போவதானால் இ-பாஸ் எடுக்க மறக்க வேண்டாம். 2024 மே மாதத்தில் உயர் நீதிமன்ற உத்தரவால் வந்த நடைமுறை அது.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி மலை ரயிலுக்கு நவம்பர் நடுவில் நான்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். மாமனாருக்கு எழுபதாவது பிறந்தநாள். மண்சரிவால் ரயில் ரத்து என்று ஆண்டுதோறும் செய்தி வருகிறதே?
– வாசகி, ஈரோடு

வரும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில்தான் பெரும்பாலும் சரியும். காரணத்தைச் சொல்கிறேன், அதிலேயே உங்களுக்கு வேண்டிய பதிலும் இருக்கிறது.

நீலகிரி ஒரே மலைதான், ஆனால் அதற்கு இரண்டு முகம். மேற்கு முகமான கூடலூர்ப் பக்கம் ஆனி, ஆடியில் நனையும். கிழக்கு முகமான குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் நனையும். மலை ரயில் ஏறுவது கிழக்கு முகத்தில். 2009 நவம்பரில் குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே இருக்கும் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பதிவானது. மாநிலத்துக்கு மூன்று மாதத்தில் கிடைக்கிற சராசரியைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, ஒரே நாளில்! அந்தச் சில நாள்களில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

ஆனால் எல்லாச் சரிவுக்கும் இப்படிப்பட்ட பேய்மழை தேவையில்லை. ஏற்கெனவே நான்கு நாள் ஊறிய மண் என்றால் ஐந்தாம் நாள் இரவு பெய்கிற சாதாரண மழையே போதும். அதனால் பயண நாளின் மழையை மட்டும் பார்க்காதீர்கள். அதற்கு முந்தைய வாரம் குன்னூரில் எவ்வளவு பெய்தது என்று பாருங்கள். தண்ணீர் குடித்த மண்ணின் ஞாபகசக்தி நம்மைவிட அதிகம்.

ரயில்வேயே ரத்து செய்தால் கட்டணம் முழுதும் திரும்ப வரும். ரத்தானாலும் பிறந்தநாள் கெட்டுப்போகாது. கீழ்ப்பகுதி அடைபட்டிருக்கும்போதும் குன்னூர்–ஊட்டி இடையே ரயில் ஓடுவது உண்டு. சாலை திறந்திருந்தால் பஸ்ஸில் குன்னூர் வரை போய், அங்கிருந்து அவரை ஏற்றிவிடுங்கள். நீராவி எஞ்சினும், தண்டவாளத்துக்கு நடுவே பல் சக்கரம் கடித்து ஏறுகிற வித்தையும் கீழ்ப்பகுதியில்தான் என்பது உண்மை. ஆனால் எழுபது வயதில் நான்கே முக்கால் மணி நேரம் அந்த மரப் பெட்டியில் கால் மடக்கி உட்கார்வது எல்லோருக்கும் ஆகாது. என் முழங்கால் சாட்சி.

முழுப் பயணமும் வாய்த்தால் ஒரு விஷயம்: ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். முன்பெட்டியில் இடம் கிடைத்தவர்களுக்கு எதிரே வெறும் மலைதான், புகை இல்லை.

‘ஊட்டியில் உறைபனி, 3 டிகிரி’ என்று செய்தி. தண்ணீர் பூஜ்யத்தில்தானே உறையும்? மூன்று டிகிரியில் எப்படி?
– பத்தாம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்

இந்த மாதக் கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது உங்களுடையது, அம்மா. ஊட்டிக்குப் போகிற பல்லாயிரம் பேரில் இதைக் கேட்டவர் மிகக் குறைவு.

செய்தியில் வருகிற அந்த மூன்று டிகிரி, தரையின் வெப்பம் அல்ல. நாங்கள் வெப்பமானியை வெள்ளைச் சாயம் பூசிய ஒரு மரப்பெட்டிக்குள் வைப்போம். சுற்றிலும் சன்னல் பலகைபோல் இடைவெளி விட்ட சட்டங்கள் இருக்கும். காற்று போகும், வெயில் விழாது. அந்தப் பெட்டி தரையிலிருந்து ஏறக்குறைய நான்கு அடி உயரத்தில் நிற்கும். அதற்குப் பக்கத்திலேயே புல்தரையில், இரண்டு சிறு மரக் கவைகளின் மேல், புல் நுனியைத் தொட்டும் தொடாமலும் இன்னொரு வெப்பமானி படுத்திருக்கும். மலை ஊர் ஒன்றில் மூன்று குளிர்காலம் வேலை பார்த்தேன். ஒரு டிசம்பர் விடியலில் பெட்டிக்குள் இருந்தது 3.4 காட்டியது. குனிந்து புல்லில் கிடந்ததைப் பார்த்தால் பூஜ்யத்துக்குக் கீழே 1.8. அதன் கண்ணாடித் தண்டின்மேல் உப்புத் தூவியதுபோல் வெள்ளை. அளவைப் படிக்க விரலால் துடைத்தேன், விரல் நுனி மரத்துப்போனது. நான்கடி உயரத்துக்குள் ஐந்து டிகிரி வித்தியாசம்!

மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு வாரி விட்டுவிடுகிறது. மேகம் இருந்தால் அது போர்வை, சூடு திரும்பி வரும். காற்று அடித்தால் மேலே இருக்கிற கொஞ்சம் வெதுவெதுப்பான காற்று கீழே கலந்துவிடும். மேகமும் இல்லை, காற்றும் இல்லை என்றால் தரைதான் முதலில் குளிரும். அதை ஒட்டிய காற்று பிறகு குளிரும். முதலில் நீர்ப்பனி, பிறகு உறைபனி என்று மலைக்காரர்கள் சொல்கிற வரிசை அதுதான்.

குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர்போலப் பள்ளத்துக்கு ஓடும். அதனால்தான் காந்தல், தலைகுந்தா, குதிரைப் பந்தய மைதானம் போன்ற தாழ்வான இடங்களில் முதலில் வெள்ளை படர்கிறது. ‘மலை உச்சியில் காட்சி தரும் அறை’ என்று கூடுதல் பணம் கொடுத்துத் தங்குகிறவர் சன்னலைத் திறந்தால் உறைபனி இருக்காது. அது கீழே, ஐந்நூறு ரூபாய் அறைக்காரரின் வாசலில் விழுந்திருக்கும்.

பார்க்க வேண்டுமானால் காலை ஏழுக்குள் போய்விடுங்கள். எட்டு மணிக்கு அது வெறும் ஈரப் புல். முந்தைய மாலையில் நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்து மரக்கிளை அசையாமல் நின்றால் அலாரம் வைக்கலாம். மேகமூட்டம் என்றால் இழுத்துப் போர்த்துக்கொண்டு தூங்குங்கள். நவம்பரிலேயே தொடங்கக்கூடியதுதான், ஆனால் கடலில் ஒவ்வொரு தாழ்வுப் பகுதியாக வந்து மேகத்தை அனுப்பிக்கொண்டிருந்தால் தள்ளிப்போகும். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை வாய்ப்பு நல்லது. காரின் முன்கண்ணாடியில் படிந்ததைக் கரைக்கக் கொதிநீர் ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடி விரிசல் விட்டு அவர்கள் விழித்ததையும் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கு வெள்ளைக் கம்பளம், தேயிலைத் தோட்டக்காரருக்கு அது நெருப்பு. பனி விழுந்து வெயில் ஏறியதும் கொழுந்து கருகிவிடும். தாவரவியல் பூங்காவில் மலர்ச் செடிகளின் மேல் மிலார்ச் செடிகளைக் கவிழ்த்து மூடி வைத்திருப்பார்கள். படம் எடுப்பதற்காக அதை விலக்காதீர்கள்.

‘கார்த்திகைக்குப் பின் மழையுமில்லை, கர்ணனுக்குப் பின் கொடையுமில்லை’ என்பார்கள். ஆகவே திருச்செந்தூர்ப் பயணத்தை மார்கழிக்கு மாற்றிவிட்டோம். சரிதானே?
– வாசகர், சேலம்

பழமொழி அழகானது. கர்ணனைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை. ஆனால் 2023இல் மார்கழி முதல் தேதி எது தெரியுமா? டிசம்பர் 17. அன்று காலை முதல் மறுநாள் காலை வரை, நீங்கள் போகப்போகும் திருச்செந்தூருக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் காயல்பட்டினத்தில் பெய்தது 95 சென்டிமீட்டர். என் வாழ்நாளில் அப்படி ஓர் எண்ணை நான் பேரேட்டில் எழுதியதில்லை. அன்று இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டம் நிலையத்தோடு நின்றுவிட்டது. தண்டவாளத்தின் அடியில் இருந்த மண்ணையும் ஜல்லியையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. ஏறத்தாழ எண்ணூறு பயணிகள். சிலரைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். மற்றவர்கள் 19ஆம் தேதி வரை ரயிலிலும் நிலையத்திலும் கிடந்தார்கள். சுற்றிலும் தண்ணீர் நின்றபோது பக்கத்து ஊர்க்காரர்கள்தான் சோறாக்கிப் போட்டார்கள்.

பழமொழி முழுப் பொய் என்று சொல்லமாட்டேன். மார்கழியில் மழை நாள்கள் குறையும், வடமாவட்டங்களில் நன்றாகவே குறையும். ஆனால் தாழ்வுப் பகுதிகள் அப்போது தெற்கே இறங்கி, குமரிக்கடலை ஒட்டி நகரும். தென்கோடி மாவட்டங்களுக்கு அது இன்னும் மழைக்காலம்தான். சேலத்தில் உட்கார்ந்து தன் ஊர் வானத்தைப் பார்த்துத் திருச்செந்தூரைக் கணிக்கக்கூடாது.

போங்கள். திரும்புகிற நாளுக்கும் மறுநாள் வேலைக்கும் நடுவே ஒரு நாள் இடைவெளி விட்டுப் போங்கள். ரயிலில் ஏறும்போது குடிதண்ணீரும், இரண்டு வேளைக்குத் தாங்குகிற மாதிரி புளியோதரையும், மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் மூன்று நாள் மாத்திரையும் கையில் இருக்கட்டும். வேலை போய்விடும், மாத்திரை தீர்ந்துவிடும் என்ற இரண்டு பயம் இல்லாதவனுக்கு நின்றுபோன ரயில் அவ்வளவு பெரிய துன்பம் அல்ல.

‘ஓரிரு இடங்களில் கனமழை’ என்கிறார்கள். எங்கள் தெருவில் ஒரு சொட்டு இல்லை. பொய்தானே?
– வாசகர், தாம்பரம்

இதே கேள்வியை என் மைத்துனர் முப்பதாண்டுகளாகக் கேட்கிறார். அந்தச் சொற்களுக்கு எங்கள் தொழிலில் கணக்கு உண்டு. ஒரு பகுதியில் நூறு மழைமானி இருந்தால், அதில் இருபத்தைந்துக்குள் மழை பதிவானால் ‘ஓரிரு இடங்களில்’. ஐம்பது வரை ‘ஒரு சில இடங்களில்’. அதற்கு மேல் ‘பல இடங்களில்’. முக்கால்வாசியைத் தாண்டினால் ‘பெரும்பாலான இடங்களில்’. உங்கள் தெரு மீதி எழுபத்தைந்தில் இருந்திருக்கிறது.

‘கனமழை’ என்பதும் பேச்சுக்குச் சொல்வது அல்ல. ஒரு நாளில் 7 முதல் 11 சென்டிமீட்டர் வரை கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. சிவப்பு எச்சரிக்கை வந்த மாவட்டத்துக்குச் சுற்றுலா போகாதீர்கள், அவ்வளவுதான். ஆரஞ்சு என்றால் மலையும் அருவியும் கடற்கரையும் வேண்டாம். மஞ்சளுக்குக் குடை போதும், ஆற்றங்கரையில் கூடாரம் அடிப்பதாக இல்லாவிட்டால்.

சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறோம். திரும்பும் வழியில் குற்றாலத்தில் குளிக்க ஆசை. எங்கள் குருசாமி, வெயில் அடித்தால் பயமில்லை என்கிறார்.
– வாசகர், திண்டுக்கல்

சாமி, குருசாமி சொல்லை மலையில் கேளுங்கள். அருவியில் காவலர் சொல்லைக் கேளுங்கள்.

அருவியில் விழுகிற தண்ணீர் குற்றாலத்தில் பெய்தது அல்ல, மேலே காட்டுக்குள் பெய்தது. கீழே பளிச்சென்று வெயில் அடிக்கும், மேலே இரண்டு மணி நேரமாகக் கொட்டிக்கொண்டிருக்கும், இங்கே நிற்பவருக்குத் தெரியாது. 2024 மே மாதத்தில் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் பதினேழு வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. அது மழைக்காலமே அல்ல. கார்த்திகையில் எவ்வளவு கவனம் வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மெயினருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் தடை போட்டுவிடுவார்கள். தடை இல்லாதபோதும் தண்ணீரின் நிறம் தேநீர்போல் மாறினால், சருகும் குச்சியும் சேர்ந்து வந்தால், இரைச்சலின் சுருதி இறங்கினால், சோப்பை விட்டுவிட்டு வெளியே வாருங்கள்.

டிசம்பர் கடைசியில் டெல்லி, ஆக்ரா. பனிமூட்டத்தால் ரயிலும் விமானமும் தாமதம் என்கிறார்களே?
– வாசகி, திருச்சி

அங்கே மூட்டம் கட்டினால் ரயில் மணிக்கணக்கில் தாமதமாகும். வந்து சேர வேண்டிய ரயில்தான் திரும்பிப் போகவும் வேண்டும் என்பதால் டெல்லியில் கிளம்புவதும் தாமதம். விமானம் என்றால் விடியற்காலையில் இறங்குவதைத் தவிர்த்து, நண்பகலை ஒட்டிய நேரமாகப் பாருங்கள். அங்கிருந்து வேறு ஊருக்கு அடுத்த டிக்கெட் எடுத்திருந்தால் நடுவே அரை நாளாவது இருக்கட்டும். தாஜ்மகாலை விடியலில் பார்க்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். டிசம்பர் விடியலில் நான் போனபோது எனக்குத் தெரிந்தது, எனக்கு முன்னால் நின்றவரின் குல்லாய். பதினொன்றரைக்குப் போங்கள், வெள்ளிக்கிழமை போகாதீர்கள், அன்று மூடியிருக்கும்.

நம் ஊர் மட்டும் யோக்கியம் என்று நினைக்க வேண்டாம். போகிப் பண்டிகைக் காலையில் பனியோடு பழைய பாய், டயர் புகையும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தைத் திணற வைத்த ஆண்டுகள் உண்டு. போகியன்று காலை விமானத்துக்கு டிக்கெட் எடுக்காதீர்கள்.

குடையா, மழைக்கோட்டா?
– வாசகர், நாகர்கோவில்

மழைக்கோட்டு. குடை நம்முடன் கிளம்பும், திரும்பி வராது. நான் இதுவரை பதினொன்றை பஸ்களுக்குத் தானம் செய்திருக்கிறேன்.

மழை விட்டதும் வேடந்தாங்கல் போகலாமா, பொங்கலுக்குப் போகலாமா? குழந்தைகள் நச்சரிக்கிறார்கள்.
– வாசகி, செங்கல்பட்டு

ஏரி நிரம்பியதா என்று முதலில் கேளுங்கள். மற்ற ஊர்களுக்கு மழை தடை. இந்த ஊருக்கு மழைதான் அழைப்பிதழ். தண்ணீர் ஏறி, மரங்களின் அடி முங்கி நின்றால்தான் பறவைகள் நம்பிக் கூடு கட்டும். வானம் ஏமாற்றிய ஆண்டில் அவையும் வேறு ஏரி பார்த்துப் போய்விடும். நவம்பரில் வரத்து தொடங்கியிருக்கும், கூடு கட்டுவதைப் பார்க்கலாம். பொங்கலுக்குப் போனால் குஞ்சுகளைப் பார்க்கலாம், கூடவே ஊர்ப்பட்ட கூட்டத்தையும். செங்கல்பட்டிலிருந்து எட்டிப்பிடிக்கிற தூரம்தானே, நான் என்றால் இரண்டு முறை போவேன்.

மாலை நான்கு மணிக்கு மேல் கரையில் நில்லுங்கள். இரை தேடிப் போன நாரைகளும் கொக்குகளும் கூட்டம் கூட்டமாகத் திரும்பும் நேரம். போன ஆண்டு என் பேத்தியை அழைத்துப்போனேன். நத்தைகுத்தி நாரை ஒன்று தன் உடம்பைவிட நீளமான சுள்ளியைத் தூக்கிக்கொண்டு வந்தது. மரத்தில் இறங்க மூன்று முறை முயன்று, மூன்று முறையும் சுள்ளி கிளையில் தட்டி, நான்காவது சுற்றில் பக்கத்துக் கூட்டுக்காரி அதைப் பறித்துக்கொண்டாள். என் பேத்தி அந்த நாரைக்காக அழுதே விட்டாள். தொலைநோக்கி கொண்டுபோங்கள். பளிச்சென்ற சிவப்புச் சட்டை வேண்டாம். ஏரிக்கரையில் ஈரம் இருக்கும், பிளாஸ்டிக் செருப்பு வழுக்கும்.